மூடி வேண்டாம் என்றவள்

ஜூன் 5, புதன்

நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை விரிவுபடுத்தும் திட்டத்துக்கு ‘மதிப்புப் பொறியியல் ஆய்வு’ என்று ஒன்று நடக்கப்போகிறதாம். குடியிருப்போர் சார்பில் நான் வந்து உட்கார வேண்டுமாம். வருடக்கணக்கில் மனுக் கொடுத்தவளுக்கு ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது. நாற்காலியில் உட்கார வைத்தால் இவள் வாய் ஓயும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நானும் அதிகம் பேசும் பிள்ளையைத்தான் வகுப்புத் தலைவனாக்குவேன். எனக்குத் தெரியாத தந்திரமா?

எங்கள் அந்தோணியார் நகருக்கும் அந்த நிலையத்துக்கும் நடுவே ஒரு மதில்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் கசடு தேங்கும் பெரிய தொட்டி, வானம் பார்த்துத் திறந்து கிடக்கிறது. மேற்குக் காற்று அடித்தால் சோற்றில் அந்த வாடை ஏறும். புதுத் திட்டத்தில் தொட்டியைப் பெரிதாக எடுத்துக் கட்டி, மூடி போட்டு, வாடையை உறிஞ்சி வடிகட்டுவதாக எழுதியிருந்தார்கள். அதற்குத்தான் இத்தனை மனு. இப்போது செலவைக் குறைக்க ஆய்வாம்.

நலச்சங்கச் செயலாளர் வைரமணி வாசலிலேயே நின்று சொன்னார்: “டீச்சர், மூடிய மட்டும் எங்கயும் விட்டுட்டு வந்துராதீக.”

“நான் என்ன பஸ்ஸுல குடைய விட்டுட்டு வர்ற ஆளா?”

“அதுக்கில்ல. ஐயாவுக்காகவாவது சொல்றேன்.”

ஐயா என்றால் இவர், என் வீட்டுக்காரர். மேற்கு ஜன்னலை மூடி, இடுக்கில் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்திருக்கிறேன். ஆக்ஸிஜன் மெஷின் ஓடும்போதுகூட இருமல் நிற்பதில்லை. ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு உடைக்கிற பகுதியில் வேலை பார்த்தவர். அந்தக் கதையை இங்கே எழுதப்போவதில்லை.

பால்காரர் இன்றும் தண்ணீர் கலந்திருக்கிறார்.

ஜூன் 10, திங்கள்

நகராட்சிக் கூட்ட அரங்கம். ஆணையர், நகராட்சிப் பொறியாளர் பாக்கியநாதன், இரண்டு உதவியாளர்கள், நான். ஆய்வை நடத்துபவர் சென்னையிலிருந்து வந்த சந்தானகோபாலன். நரைத்த மீசை, நிதானமான குரல். சண்டை போடத் தயாராகப் போன எனக்கு ஏமாற்றம். அவர் சொன்னது பிடித்துவிட்டது.

“எந்தப் பொருளா இருந்தாலும் அதோட பேரை மறந்துடுங்க. அது என்ன செய்யுதுன்னு ரெண்டே வார்த்தையில சொல்லுங்க. அந்த வேலையை இதைவிடக் குறைஞ்ச செலவுல செய்ய வேற வழி இருக்கான்னு அப்புறம் தேடலாம். வேலை குறையக் கூடாது, செலவுதான் குறையணும். சும்மா வெட்டறதுக்குப் பேர் மதிப்புப் பொறியியல் இல்ல. எங்க, குடைக்குச் சொல்லுங்க பாப்போம்.”

“மழை தடுக்கும்” என்றேன்.

“வெயில் மறைக்கும்” என்றார் பாக்கியநாதன்.

“எங்க வீட்டுக் குடை, பஸ்ஸில் தொலையும்” என்றார் ஆணையர். எல்லாரும் சிரித்தோம்.

உண்மையில் நல்ல முறை. கரும்பலகைக்குச் சுண்ணாம்புக் கட்டி வராத வருடம் நான் சுவரில் கரியால் எழுதிப் பாடம் நடத்தினேன். ‘எழுத்து தெரிய வேண்டும்’, அவ்வளவுதான் வேலை. இன்றைக்கு ஒரு பம்ப்பை இரண்டு சிறிய பம்ப்பாக மாற்றினால் மின்சாரம் மிச்சம் என்று கண்டுபிடித்தார்கள். காற்று ஊதும் குழாய்களின் பாதையைச் சுருக்கினார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. மத்தியானம் வடை கொடுத்தார்கள். நன்றாக இருந்தது. அதிலும் எனக்குக் கொஞ்சம் கோபம், இவ்வளவு நல்ல வடையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் நம்மைத் தின்னவிடாமல் வாசலிலேயே நிற்க வைத்தார்களே என்று.

ஜூன் 11, செவ்வாய்

நிலையத்தை நேரில் பார்க்கக் கூட்டிப்போனார்கள். ஊர்க் கழிவுநீர் முழுக்க வந்து விழும் முதல் இடம் ஓர் ஆழமான கிணறு. அதன் அடியில் இரும்புக் கம்பிகளால் ஆன சல்லடை. துணி, பிளாஸ்டிக் பை, நாப்கின் எல்லாம் அதில் சிக்கும். மேலே நின்று நீளக் கம்பால் வாரி எடுப்பார்கள் என்று பாக்கியநாதன் விளக்கிக்கொண்டிருந்தார். வரைபடத்தில் அழகாக ஒரு மேடை, மேடையில் கோடுகளால் வரைந்த ஒரு மனிதன், கையில் கம்பு.

நாங்கள் எட்டிப் பார்த்த நேரத்தில் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு தலை மேலே வந்தது.

இரும்பு ஏணியில் ஏறி வந்தவனின் மூக்கில் ஈரத் துண்டு. தோளில் கறுப்பாக ஒழுகும் ஏதோ சேலைத் துணி. எங்களைப் பார்த்ததும் துண்டை இறக்கிவிட்டுச் சிரித்தான். ஒப்பந்தத் தொழிலாளி, பெயர் சின்னக்காளை.

பாக்கியநாதன் முகம் வெளுத்தது. “யோவ், உன்ன யாருய்யா எறங்கச் சொன்னது? எறங்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கோம்ல?”

“போர்டு வச்சிருக்கீக சார். அதப் பிடிச்சுத்தான் எறங்குனேன்.”

போர்டு நிஜமாகவே ஏணியை ஒட்டித்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. நானும்தான். நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதுத் திட்டத்தில் இங்கே மெஷின் சல்லடை வருகிறது, தானே வாரி மேலே கொட்டிவிடும் என்று சந்தானகோபாலன் மெதுவாகச் சொன்னார். அதனால் ஆறுதலாகத் திரும்பினேன்.

வீட்டில் இவர் கேட்டார்: “ஏன் ஒரு மாதிரி இருக்க?”

“வெயில்” என்றேன்.

ஜூன் 12, புதன்

இன்று யோசனை சொல்லும் நாள். ஒரு விதி: யார் என்ன சொன்னாலும் யாரும் ‘முடியாது’ என்று சொல்லக் கூடாது. யோசனையை மஞ்சள் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். நல்லது கெட்டது நாளைக்குத்தான். மழலையர் வகுப்பில் நான் செய்ததும் இதுதான். பிள்ளை யானைக்குப் பச்சை நிறம் அடித்தால் அன்றைக்கு வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் பச்சை யானை யாரையும் மிதித்ததில்லை.

பாக்கியநாதன் எழுந்தார். “மெஷின் சல்லடை. வேலை என்ன? ‘குப்பை அகற்றும்.’ கைச் சல்லடையும் கம்பும் வச்சா அதுவும் ‘குப்பை அகற்றும்.’ ஒரே வேலை. மெஷினை எடுத்துடலாம்.”

மஞ்சள் காகிதம் சுவரில் ஏறியது. நேற்றுத்தான் இந்த மனுஷனும் அந்தத் தலையைப் பார்த்தார்!

“சார்...” என்று எழுந்தேன்.

“மேடம், இன்னைக்கு நோ கமெண்ட்ஸ்” என்றார் உதவியாளர்.

உட்கார்ந்தேன். விதியை மதித்து உட்கார்ந்தேன். மாலை வரை அந்தக் காகிதம் மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. கிழித்துப் போட்டிருக்கலாம்.

இரவுக்கு ரசம் மட்டும். தலைவலி.

ஜூன் 13, வியாழன்

விரிவாக எழுத வேண்டும்.

இன்று ஒவ்வொரு மஞ்சள் காகிதத்தையும் எடைபோடும் நாள். மெஷின் சல்லடைக் காகிதம் வந்ததும் எழுந்துவிட்டேன்.

“குப்பை அகற்றும்னு எழுதியிருக்கீங்க. யார் அகற்றுறது?”

“ஆளுங்க இருக்காங்க மேடம்” என்றார் பாக்கியநாதன். “மேலேருந்து கம்பால வாருவாங்க. எறங்க மாட்டாங்க. சட்டமே இருக்கே.”

“சட்டம் இருக்கு. கம்பு அடி வரைக்கும் எட்டுதா?”

பாக்கியநாதன் வரைபடத்தைப் புரட்டினார்.

“உங்க முறையிலயே கேக்குறேன் சார்” என்று சந்தானகோபாலன் பக்கம் திரும்பினேன். “அழுவுற பிள்ளையத் தூங்க வைக்கணும். தொட்டில் ஒரு வழி. அபினை நாக்குல தடவுறது இன்னொரு வழி. ரெண்டுக்கும் ஒரே வேலை, ரெண்டே வார்த்தை: ‘பிள்ளை தூங்கும்.’ செலவு எதுல கம்மி? சொல்லுங்க, எதை எடுத்துடலாம்?”

சந்தானகோபாலன் கண்ணாடியைக் கழற்றினார்.

“வேலையைத் தப்பா எழுதிட்டோம்” என்றார். எழுந்துபோய் ‘குப்பை அகற்றும்’ என்பதை அடித்துவிட்டு, ‘ஆள் இறங்காமல் குப்பை அகற்றும்’ என்று எழுதினார். “ரெண்டு வார்த்தையைத் தாண்டிடுச்சு. பரவாயில்லை. கைச் சல்லடை இந்த வேலையைச் செய்யாது. யோசனை தள்ளுபடி.”

அங்கேயே கூட்டம் முடிந்திருந்தால் இன்றைக்கு நான் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருப்பேன்.

ஆணையர் தொண்டையைச் செருமினார். அரசு ஒப்புக்கொண்ட தொகைக்கு மேலே ஒரு ரூபாய்கூடப் போக முடியாதாம். மெஷின் சல்லடை உள்ளே வந்தால் அதே அளவுக்கு வேறொன்று வெளியே போக வேண்டுமாம்.

வரைபடத்தை இழுத்துப் பார்த்தேன். நுழைவாயிலில் பெரிய வரவேற்பு வளைவு.

“இந்த ஆர்ச் என்ன செய்யும்? ரெண்டு வார்த்தையில சொல்லுங்க.”

பாக்கியநாதன் ஆணையரைப் பார்த்தார். ஆணையர் உதவியாளரைப் பார்த்தார். கடைசியில் பாக்கியநாதனே சொன்னார்: “ஊரை... வரவேற்கும்.”

“யாரை? ஊர்ச் சாக்கடையையா? அது ஆர்ச் இல்லாமலே நல்லாத்தான் வந்துக்கிட்டிருக்கு.”

உதவியாளர் ஒருவர் சிரித்துவிட்டார். ஆணையர் சிரிக்கவில்லை. “டீச்சர், ஆர்ச் வேற ஹெட். வேற நிதி. இந்தக் கணக்குல அதத் தொட முடியாது.”

“ஒரே ஊர்ப் பணம்தானே?”

“ஒரே ஊர்ப் பணம்தான். வேற ஹெட்.”

கண்ணாடி வைத்த அலுவலக அறை? அதுவும் வேறு ஹெட். புல்தரை? வேறு ஹெட். ஒரு வீட்டில் சம்பளத்தைப் பல கவருக்குள் பிரித்துப் போட்டு, ‘மருந்துக் கவர் காலி, பட்டாசுக் கவரைத் தொடக் கூடாது’ என்று நோயாளியின் தலைமாட்டில் நின்று சொல்வது போல.

சந்தானகோபாலன் எல்லாவற்றையும் இன்னொரு முறை கூட்டிப் பார்த்தார். அந்த மனிதர் நிஜமாகவே தேடினார், அதைச் சொல்ல வேண்டும். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “அந்த அளவுக்குப் பெரிசா மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான் மேடம். கசடுத் தொட்டி மூடி.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஏன் நாற்காலி போட்டார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. வெட்ட வேண்டியதை அவர்கள் வெட்டினால் எங்கள் தெரு மறியல் பண்ணும். நான் வெட்டினால் பண்ணாது.

“குடியிருப்போர் பிரதிநிதி என்ன சொல்றாங்களோ அதை எழுதிக்கலாம்” என்றார் ஆணையர். குரலில் அவ்வளவு மரியாதை.

மேற்கு ஜன்னல் ஞாபகம் வந்தது. அந்த ஈரத் துண்டும் ஞாபகம் வந்தது.

“மூடியை எடுங்க” என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

பிறகு மேஜையைத் தட்டினேன். இத்தனை வருடத்தில் வகுப்பில்கூட நான் மேஜையைத் தட்டியதில்லை. “ஆனா தொட்டி விளிம்புல மூடிக்கான போல்ட்டெல்லாம் இப்பவே வச்சுக் கட்டணும். குழாய்க்கு வழியும் விடணும். பின்னால போடும்போது தொட்டிய உடைக்கணும்னு யாரும் கதை சொல்லக் கூடாது.”

“அது பெரிய செலவில்லை” என்று சந்தானகோபாலன் உடனே எழுதிக்கொண்டார். கிளம்பும்போது படிக்கட்டில் என் பக்கத்தில் நடந்து வந்தார். ஏதோ சொல்ல வந்தார். “வேண்டாம் சார்” என்றேன்.

இவரிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 14, வெள்ளி

முடிவு ஊருக்குள் எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. வைரமணி கேட்டுக்கு வெளியே நின்று கத்தினார். தெருவே வாசலுக்கு வந்தது.

“நம்ம மூடிய எவனோ ஒருத்தனுக்குத் தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கீக! யாரக் கேட்டுக் குடுத்தீக?”

“எவனோ ஒருத்தன் இல்ல. நாம கழுவி விடுறத அள்ளுறவன்.”

“அவனுக்குச் சம்பளம் குடுக்குறாகள்ல? என் பேத்தி வாந்தி எடுக்குறா டீச்சர். உங்க வீட்டுக்காரரு மூச்சு வாங்குறாரு. ஊருக்கு நல்லவளா இருக்கணும்னு வீட்டுல இருக்குறவரக் கொல்லப் போறீகளா?”

பேத்தி வாந்தி எடுப்பது உண்மை.

நல்லவேளை, இவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனபோது ரேடியோ அணைந்திருந்தது. பாட்டு நேரத்தில் அவர் ரேடியோவை அணைப்பதில்லை. தூக்கத்தில் கை பட்டிருக்கும்.

ஜூன் 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வாசலில் சின்னக்காளை. சலவைச் சட்டை. நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து, ‘அதெல்லாம் எதுக்குப்பா’ என்று சொல்ல வாயைத் தயார் செய்துகொண்டேன்.

“யாரு டீச்சர் உங்களக் கேட்டா?” என்றான்.

“என்னது?”

“மெஷினு வந்தா எங்கள்ல பாதிப் பேரு வீட்டுக்குப் போகணும்னு மேஸ்திரி சொல்றான். எறங்குனா தனியா காசு குடுப்பாக. அந்தக் காசுலதான் எம்புள்ள காலேசுக்குப் போகுது. நீங்க பாட்டுக்கு மேசையத் தட்டிட்டு வந்துட்டீக.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அப்ப எறங்கிக்கிட்டே இருக்கப் போறியா?”

“எறங்காம? உங்க வீட்டுப் பழைய துணியெல்லாம் தானா ஏணியில ஏறி வருமா?”

“நான் துணி போட்டதில்ல.”

“எல்லாரும் அதத்தான் சொல்றாக. துணி மட்டும் வந்துக்கிட்டே இருக்கு.”

உள்ளேயிருந்து இவர் குரல்: “ரோசலின், அவர உள்ள வரச் சொல்லு. டீ போடு.”

அடுப்படியில் நின்றபடி கேட்டேன். இவர் மூச்சு விட்டு விட்டுப் பேசினார்.

“தம்பி, மூக்குல என்ன கட்டுவீக?”

“துண்டுதான்யா.”

“நனைச்சா, நனைக்காமயா?”

“நனைச்சுத்தான். காஞ்ச துண்டு தாங்காதுல்ல.”

“நாங்களும் நனைச்சுத்தான் கட்டுனோம். தூசி உறிஞ்சுற மெஷினு அடுத்த வருசம் வருது, அடுத்த வருசம் வருதுன்னே சொன்னாக. துண்டு மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி குடுத்துருவாக. நல்ல துண்டு.”

பிறகு ஆக்ஸிஜன் மெஷின் ஓடும் சத்தம்தான் கேட்டது.

டீ பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பைத் துடைக்கவே நேரமாகிவிட்டது. அதனால்தான் வெளியே வரத் தாமதம்.

ஜூன் 18, செவ்வாய்

ஆணையரைப் பார்க்கப் போனேன்.

“டீச்சர், இன்னும் என்ன? அதான் எல்லாம் முடிஞ்சுருச்சே.”

“மெஷின யாரு ஓட்டுறது?”

“ஒப்பந்தக்காரர் ஆள் போட்டுக்குவார்.”

“இப்ப இருக்கிற ஆளுகளுக்கே பழக்கிக் குடுக்கணும்னு ஒப்பந்தத்துல எழுதுங்க. இறங்குனவங்கள வெளிய அனுப்பிட்டு ஆள் இறங்காத மெஷினு வைக்கிறதுக்குப் பேரு சிக்கனம் இல்ல. உங்க சென்னைக்காரரே சொல்லியிருக்காரு, வேலை குறையக் கூடாது, செலவுதான் குறையணும்னு.”

“அவர் சொன்ன ‘வேலை’ வேற டீச்சர்.”

“எனக்கு ஒரே வேலைதான்.”

மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் டிபன் பாக்ஸைத் திறந்து அவர் மேஜையிலேயே சாப்பிட்டேன். புளிச்சோறு. மாலையில் எழுதினார்.

ஆகஸ்ட் 4

மேற்குக் காற்று. சங்கக் கூட்டத்துக்கு எனக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 21

இவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து அழைத்து வந்தேன். டாக்டர், “வீட்டுப் பக்கம் ஏதும் புகை, வாடை இருக்கா?” என்று கேட்டார். எரிச்சலில் “இந்த ஊர்ல எங்க இல்ல?” என்றேன். பாவம், சின்னப் பெண். மூடி விஷயத்தை இவரிடம் இன்னும் சொல்லவில்லை. உடம்பு தேறட்டும்.

மார்ச் 9

தொட்டி கட்டி முடிகிறதற்கு முன்னால் வளைவு எழுந்துவிட்டது. பொன்னிற எழுத்து. பார்த்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்து, ஊறவைத்த துணி அத்தனையையும் அடித்துத் துவைத்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று திறப்பு விழா. மாலை, மேளம், வளைவுக்குக் கீழே போட்டோ. வைரமணி முதல் வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். நான் கடைசியில் நின்றேன்.

எல்லாரும் பிரியாணிப் பொட்டலத்துக்குப் போன பிறகு கிணற்றுப் பக்கம் போனேன். ஏணியை அறுத்து எடுத்துவிட்டார்கள். மெஷின் சல்லடை கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து துணியும் பையும் தானாக ஏறி வந்து குப்பைத் தொட்டியில் விழுந்தன. சின்னக்காளை பட்டன் பெட்டிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

“எப்படிப்பா இருக்கு?”

“பட்டன அமுக்கிட்டு ஒக்காந்திருக்கிறது ரொம்பப் போரு டீச்சர்” என்றான். பிறகு, “எங்ககூட எறங்குன வைரவனை மட்டும் நிப்பாட்டிட்டாக. கையெழுத்துப் போடத் தெரியலையாம்” என்றான்.

“ஒப்பந்தத்துல எல்லாரையும்னு எழுதியிருக்கே!”

“எழுதியிருக்கு.”

அந்தப் போர்டு ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை இதற்கும் போக வேண்டும்.

கசடுத் தொட்டியைச் சுற்றி வந்தேன். விளிம்பில் போல்ட்டுகளை வைத்தே கட்டியிருக்கிறார்கள். அது ஒன்றுதான் சொன்னபடி. மூடி இல்லை. வாடை முகத்தில் அறைந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார்: “அந்த ஜன்னலத் தெற.”

“வாடை வருங்க.”

“வரட்டும். மேக்கால கரகரன்னு ஒரு சத்தம் கேக்குதே, அதுதானா?”

“எதுங்க?”

“நீ மூடியக் குடுத்து வாங்குனியே, அது.”

“யாரு சொன்னா உங்களுக்கு?”

“வைரமணி அன்னைக்குப் போட்ட சத்தம் மதுரை வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு நுரையீரல்தான் போச்சு ரோசலின், காது போகல.”

இத்தனை மாதமாகத் தெரிந்துகொண்டே படுத்திருக்கிறார். அதற்கும் கோபம் வந்தது. செய்தித்தாளை உருவிப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தேன். வாடையும் சத்தமும் சேர்ந்து உள்ளே வந்தன. இவர் இருமினார். மூடப் போனேன், கையைக் காட்டித் தடுத்தார்.

“ஓடட்டும்” என்றார். “கொஞ்ச நேரம் கேக்குறேன்.”

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆணையருக்கு மனு எழுதினேன். தொட்டி விளிம்பில் போல்ட்டுகள் தயாராக நிற்கின்றன, அவை துருப்பிடிப்பதற்குள் மூடி வர வேண்டும் என்பது முதல் வரி. வைரவனைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. கீழே பழக்கத்தில் ‘பணிவுடன்’ என்று எழுதிவிட்டேன். அதை அடித்துவிட்டு, வெறும் பெயரைப் போட்டேன்.